கடைமடை வோல்டேஜ்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கப்பா மின்கம்பம் நடக் குழி தோண்டிய ஒப்பந்தக் கூலி. நான் அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தவன். ரெண்டுக்கும் நடுவுல நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

கேட் தேர்வு எழுதி, உதவித்தொகையோடு மின் அமைப்புப் பொறியியலில் எம்.இ. சேர்ந்தேன். அங்கே முதல் பாடம் 'லோடு ஃப்ளோ'. எந்த முனையில் எவ்வளவு வோல்டேஜ், எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் என்று கணக்கிடுவது. பயிற்சிக்கு எல்லோரும் எடுப்பது ஐ.இ.இ.இ. 14 முனை மாதிரி. அது 1962இல் அமெரிக்காவில் இருந்த ஒரு மின்வலையின் துண்டு. அதில் தப்பில்ல. ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுக் கணக்கு ஒன்று வேணும்தான்.

முனைவர் பட்டத்துக்கு என்ன தலைப்பு என்று கேட்டப்ப, "எங்க தெரு" என்றேன். சிரிச்சாங்க. "இதுல என்னப்பா ஆராய்ச்சி? கம்பிய மாத்துனா சரியாப் போச்சு" என்றார் வழிகாட்டி. ஏன் இத்தனை வருசமா மாத்தல என்று நான் கேட்கல.

எங்க ஊரில் டிரான்ஸ்பார்மர் ஊர்த்தெருவில். அங்கிருந்து மெல்லிசுக் கம்பி ஊரெல்லாம் சுத்திட்டுக் கடைசியில் சேரிக்கு வரும். ஊருக்கு மூணு பேஸ், எங்க எல்லாருக்கும் சேர்த்து ஒத்தப் பேஸ். ஒரு வாரம் ராத்திரி ஏழு மணிக்கு மீட்டர் வச்சு அளந்தேன். டிரான்ஸ்பார்மர் பக்கம் 228 வோல்ட். எங்க வீட்டில் 168. ஆறு சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்பது 1956 மின்சார விதிகளிலேயே உண்டு. 168 வோல்ட்டில் குண்டு பல்பு பாதி வெளிச்சம்கூடத் தராது. அந்த வெளிச்சத்துலதான் நான் பள்ளிக்கூடம் படிச்சேன். படிப்பு ஏன் ஏறலைன்னு வாத்தியார் கேட்டப்ப, வோல்டேஜ் ஏறலைன்னு சொல்லத் தெரியல.

பெரிய மின்வலைகளுக்குப் பயன்படும் நியூட்டன்-ராப்சன் முறை, மின்தடை மிகுந்த இப்படிப்பட்ட கம்பிகளில் பல நேரம் விடைக்கு வராமத் திணறும். இதுக்கு வேறொரு முறை இருக்கு. கடைசி வீட்டிலிருந்து தொடங்கி, மின்னோட்டத்தைக் கூட்டிக்கிட்டே டிரான்ஸ்பார்மர் வரை போகணும். அங்கிருந்து திரும்பி, வோல்டேஜைக் கழிச்சுக்கிட்டே வரணும். விடை நிலைக்கும்வரை இப்படிப் போய்வரணும். அதை ஒத்தப் பேஸ் நெரிசலுக்கு ஏத்தபடி விரித்ததுதான் என் ஆய்வு.

1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பில் இருந்தது. நம்ம வீடுகளில் அதைச் சட்டப் புத்தகம் பிடித்த படமாத்தான் மாட்டியிருக்கோம்.

ஆராய்ச்சிக்கு வர்ற தம்பி தங்கச்சிகளே, 14 முனையை நல்லாப் படிங்க. அதுல தோத்தா நம்ம பேச்சு எடுபடாது. ஆனா லீவுல ஊருக்குப் போறப்ப, பையில ஒரு மீட்டரையும் எடுத்துட்டுப் போங்க. கடைசி வீட்டுல இருந்து அளங்க.