நிறுவ எளிது என்று சொல்லுமுன்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டுப் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் நொய்டாவிலும் குடியேறியிருக்கும் நம்மில் பலர் கணிப்பொறித் தொழிலைச் சார்ந்து வாழ்கிறோம். நாம் ஆக்கும் மென்பொருள் கடல் கடந்து செல்கிறது. வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்வதைப் போலவே அமெரிக்க நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் செல்கிறது. அங்கே அதனை ஏற்பதா, தள்ளுவதா என்ற முடிவில் பெரும் பங்கு உடைய ஒருவர் இருக்கிறார். அவர் ஆசிரியர் அல்லர். தலைமை ஆசிரியரும் அல்லர். பள்ளி மாவட்டத்தின் கணிப்பொறிப் பிரிவில் வேலை பார்க்கும் அலுவலர். அவரிடம் நம் பொருளை எவ்வாறு எடுத்துரைப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம்.

பள்ளி மாவட்டம் என்றவுடன் கலெக்டர் நிர்வகிக்கும் நம் ஊர் மாவட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே அது பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த ஓர் உள்ளாட்சி. பெரும்பாலும் ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அதன் பொறுப்பை ஏற்கும். சொத்து வரியிலிருந்தும் மாநில அரசின் மானியத்திலிருந்தும் அதற்குப் பணம் வரும். அத்தகைய மாவட்டங்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 உள்ளன. நியூயார்க் நகரத்தைப் போல லட்சக்கணக்கான மாணவர் பயிலும் மாவட்டமும் உண்டு. சில நூறு பிள்ளைகளே பயிலும் மாவட்டமும் உண்டு. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். ஆகவே, ஓரிடத்தில் கையொப்பம் வாங்கிவிட்டால் நாடெங்கும் நம் பொருள் போய்ச் சேரும் என்ற நினைப்பு அங்கே பலிக்காது. ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கத்தான் வேண்டும்.

அந்த வாசலில் நம்மை எதிர்கொள்பவரின் நாள் எப்படிப்பட்டது? சிறு மாவட்டங்களில் கணிப்பொறிப் பிரிவு என்பது ஒருவர் அல்லது இருவர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பிறகு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணிப்பொறி என்ற ஏற்பாடு அங்கே பரவலாகிவிட்டது. கருவிகள் பெருகிய அளவுக்கு ஆட்கள் பெருகவில்லை. கடவுச்சொல்லை மறந்த பிள்ளை, உடைந்த திரை, காகிதம் சிக்கிய அச்சுப்பொறி, வகுப்பின் நடுவே அறுந்துபோன இணையம், இவ்வளவும் அவர் தலையில்தான். அந்நேரத்தில் நாம் போய் நிற்கிறோம். “எங்கள் மென்பொருளை நிறுவுவது மிக எளிது, பத்தே நிமிஷந்தான்” என்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4,000 கணிப்பொறிகள் உள்ள ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குப் பத்து நிமிஷம் என்றால் மொத்தம் 40,000 நிமிஷம்; அதாவது 666 மணிக்கும் மேல். வாரத்துக்கு 40 மணி உழைக்கும் ஒருவர் வேறு எதையுமே தொடாமல் இதையே செய்தாலும் 16 வாரங்கள் கடந்துவிடும். கோடை விடுமுறையோ ஏறத்தாழ பத்து வாரம். நாம் பெருமையாகச் சொன்ன பத்து நிமிஷம் அவருக்கு ஒரு கோடைக்காலத்தை விடப் பெரியது. நமக்கு எளிது என்பது வேறு, அவருக்கு எளிது என்பது வேறு. விற்கப் போகிறவர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

அப்படியானால் அவருக்கு எளிதாவது எது? முதலாவது, எந்தக் கணிப்பொறியையும் கையால் தொடாமல் வேலை முடிய வேண்டும். குரோம்புக் கருவிகளைக் கூகுளின் நிர்வாகப் பலகையிலிருந்தும், விண்டோஸ் கணிப்பொறிகளை இன்டியூன் போன்ற கருவிகளாலும், ஆப்பிள் கருவிகளை ஜாம்ஃப் போன்றவற்றாலும் அவர் தம் மேசையிலிருந்தே ஆள்கிறார். நம் மென்பொருள் அந்தக் கருவிகள் ஏற்கும் வடிவத்தில் இருத்தல் வேண்டும். விண்டோஸுக்கு எம்.எஸ்.ஐ. கோப்பாகவும், மேக்குக்குப் பி.கே.ஜி. கோப்பாகவும் கொடுக்க வேண்டும். நிறுவும்போது அது யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. உரிம எண், மொழி, நிறுவும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரே கட்டளையில் எழுதிவிட இடம் தர வேண்டும். மாணவரின் கணக்குக்கு நிர்வாகி உரிமை இராது என்பதையும் மறக்கலாகாது. “புதிய பதிப்பு வந்துள்ளது, நிறுவலாமா?” என்று ஏழு வயதுப் பிள்ளையைக் கேட்கும் மென்பொருள், அந்தப் பிள்ளையைத் திகைக்க வைத்து ஆசிரியரை அழைக்கச் செய்யும், ஆசிரியர் நம் நண்பரை அழைப்பார்.

இரண்டாவது, உள்நுழையும் வழி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் புதிதாகப் படைக்கச் சொல்வது பெருந்தொல்லை. மாவட்டத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும்; அதைக் கொண்டே நம் மென்பொருளிலும் நுழைய வழி செய்ய வேண்டும். வகுப்புப் பட்டியலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவதற்கு ஒன்ரோஸ்டர் என்ற பொது நெறி இருக்கிறது. கிளெவர், கிளாஸ்லிங்க் போன்ற இடைநிலை அமைப்புகளும் இருக்கின்றன. இவற்றோடு இணங்கிப் போகாத மென்பொருளுக்கு, அந்த அலுவலர் ஆண்டுதோறும் பெயர்ப்பட்டியலைக் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். பிள்ளைகள் பள்ளி மாறுவதும் வகுப்பு மாறுவதும் ஆண்டு முழுவதும் ஓயாமல் நடப்பவை அல்லவா?

மூன்றாவது, வலைப்பின்னல். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, இணையக் கட்டணத்தில் மத்திய அரசின் சலுகை பெறும் பள்ளிகள் தகாதவற்றைத் தடுக்கும் வடிகட்டியை வைத்திருக்க வேண்டும். நம் மென்பொருள் எந்தெந்த இணைய முகவரிகளோடு பேசுகிறது என்ற பட்டியலை முதல் நாளே கொடுத்துவிட்டால், அவர் வடிகட்டியில் வழிவிட்டு வைப்பார். கொடுக்கவில்லையெனில், வகுப்பு தொடங்கிய பிறகே அது வேலை செய்யவில்லை என்பது தெரியவரும். சுமையையும் எண்ண வேண்டும். 500 மெகாபைட் அளவுள்ள கோப்பை 30 பிள்ளைகள் ஒரே வேளையில் இறக்கினால் 15 ஜிகாபைட் ஆகிறது. ஒரு வகுப்பின் ஆசை மற்ற வகுப்புகளின் இணையத்தை முடக்கிவிடும்.

நான்காவது, சிறிது சிறிதாகப் பரப்பும் வசதி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்கள் அறிந்த உண்மை. முதலில் ஒரு வகுப்பு, பிறகு ஒரு பள்ளி, அதன் பின்னரே மாவட்டம் என்று அவர் விரும்பியபடி விரித்துச் செல்ல நம் மென்பொருள் இடம் தர வேண்டும். எளிதாகப் பரவுவது பிழையையும் எளிதாகப் பரப்பும். 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதுபட்ட புதுப்பிப்பு ஒன்றினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. ஒரு நொடியில் போய்ச் சேர்ந்த பிழையைப் பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணிப்பொறியாகச் சென்று திருத்தும்படி ஆயிற்று. அதை அறிந்த அலுவலர் “எல்லாம் தானாகவே நடக்கும்” என்ற நம் சொல்லைக் கேட்டு மகிழ மாட்டார்; அஞ்சுவார். “எப்போது நடக்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்” என்றால்தான் முகம் மலர்வார்.

ஐந்தாவது, நீக்கும் வழி. விற்கப் போகிற இடத்தில் விலகிப் போவதைப் பற்றிப் பேசலாமா என்று நம்மில் சிலர் தயங்குவதுண்டு. பேசத்தான் வேண்டும். ஒரே கட்டளையில் நிறுவிய பொருளை ஒரே கட்டளையில் நீக்க முடிய வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் பிள்ளைகளின் விவரங்களை எத்தனை நாட்களில் அழிப்போம் என்பதையும் எழுத்தில் தர வேண்டும்.

இந்த விவரங்கள்தாம் விஷயத்தின் உயிர்நிலை. மாணவரின் கல்விக் குறிப்புகளைக் காக்கும் சட்டத்தை அமெரிக்கா 1974இலேயே செய்தது. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் திரட்டுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்னும் சட்டம் 1998இல் வந்தது. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர் விவரங்களைப் பொறுத்தவரை 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. சட்டம் இருந்தும் கேடு நேர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தின் கணிப்பொறிகளுக்குள் கொள்ளையர் புகுந்தனர். கேட்ட பணத்தை மாவட்டம் கொடுக்க மறுக்கவே, திருடிய கோப்புகளை வெளியிட்டனர். 2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் என்னும் நிறுவனத்தின் உதவித் தளத்துக்குள், களவாடிய கடவுச்சொல்லைக் கொண்டு ஒருவன் நுழைந்து, பல மாவட்டங்களின் மாணவர், ஆசிரியர் விவரங்களை எடுத்துச் சென்றான். வாசல் திறந்தது விற்றவர் பக்கத்தில். ஆனால் பெற்றோரின் கேள்விக்கு ஊரில் முகங்கொடுக்க வேண்டியிருந்தது மாவட்டந்தான். நம் நண்பர் நம்மிடம் நூறு கேள்வி கேட்டால் அது சந்தேகப் புத்தியன்று, கடமை.

அவரைத் தாண்டி மேலிடத்தில் மட்டும் பேசி முடித்தால் என்ன ஆகும்? அதே லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2013இல் எல்லா மாணவருக்கும் ஐபாட் வழங்கும் மாபெரும் திட்டத்தைத் தொடங்கியது. கருவி கைக்கு வந்த சில நாட்களிலேயே உயர்நிலைப்பள்ளி மாணவர் சிலர் அதில் வைத்திருந்த கட்டுப்பாட்டை நீக்கி இணையத்தில் உலவத் தொடங்கினர். 2014இல் அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. கருவி வாங்குவது வேறு, கருவியை ஆள்வது வேறு என்பதற்கு அது சான்று.

நல்ல சான்றும் அருகிலேயே இருக்கிறது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட ஓர் இயங்குதளத்தில், பாடத்துக்கு வேண்டியவற்றையெல்லாம் முன்பே சேர்த்து, அதைப் பள்ளிகளுக்கு அவர்கள் வழங்கினர். மென்பொருளோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் போயிற்று. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் நம்மவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதனைக் கண்டிருக்கக்கூடும். எங்கும் ஒரே அமைப்பு, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் அருகிலேயே; எளிமையின் இரகசியம் இவ்விரண்டே.

இனி, பேசும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலம் அறிந்து போக வேண்டும். பள்ளி திறக்கும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், தேர்வு நடக்கும் வசந்த காலத்திலும் அவருக்கு மூச்சுவிட நேரமிராது. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிகளின் நிதியாண்டு ஜூலை முதல் நாள் தொடங்குவதால், செலவுத் திட்டம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே உருவாகிவிடும். வண்ணப் படங்களைக் காட்டி நேரம் கழிப்பதை விட, அவருடைய கணிப்பொறியிலேயே, அவருடைய கருவியைக் கொண்டே, அவர் கண்ணெதிரில் ஒரு முறை நிறுவி நீக்கிக் காட்டுவது மேல். நிறுவும் கட்டளை, இணைய முகவரிகள், சேகரிக்கும் விவரங்கள், நீக்கும் வழி ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் மென்பொருளால் முடியாதது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். இல்லாததை இருப்பதாகச் சொல்லி ஒரு மாவட்டத்தில் விற்றவன் பேச்சு அடுத்த மாவட்டத்துக்கு அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் சிப்பந்திகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள்.

நமக்கு இது ஒரு வியாபாரம், மாதச் சம்பளம். அங்கேயோ, நாம் சரியாகச் செய்யாத ஒவ்வொரு வேலையும் எங்கோ ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையின் பாடவேளையை விழுங்குகிறது. நாற்பது நிமிஷ வகுப்பில் பதினைந்து நிமிஷம் திரையைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பதினைந்து நிமிஷத்தைத் திருப்பித் தர ஒருவராலும் இயலாது. ஊர்விட்டு ஊர் வந்து நாமும் நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்கள்தாம். புதிய பள்ளியில் ஒரு பிள்ளை தடுமாறுவதைக் கண்டவர்கள்தாம். நிறுவ எளிது என்ற இரண்டு சொல்லை இனி நாம் விளம்பரத்தில் எழுதும்போது, யாருக்கு எளிது என்று நம்மை நாமே ஒரு முறை கேட்டுக்கொண்டு எழுதுவோமாக.