வெயிட் குறைஞ்சுது, ஆனா எது குறைஞ்சுது?

இன்னைக்கு எபிசோட் ஒரு தண்ணி கேன்ல இருந்து ஆரம்பிக்குது.

எங்க ரூம்ல 20 லிட்டர் கேன் தீர்ந்தா, புதுசைத் தூக்கி டிஸ்பென்சர்ல கவுக்கிறது எப்பவுமே என் வேலை. ரெண்டு வருஷம் முன்னாடி நான் 82 கிலோ. ரெண்டே மாசத்துல 10 கிலோ இறக்கினேன். காலையில பிளாக் காபி, மதியம் ஒரு டப்பா வெள்ளரிக்காயும் கேரட்டும், ராத்திரி ரெண்டு இட்லி. அவ்வளவுதான். ஆபீஸ்ல எல்லாரும் "செம்மயா இறங்கிட்ட, என்ன டயட்?"னு கேட்டாங்க. அம்மா மட்டும் வீடியோ கால்ல "என்னடா, மூஞ்சி வத்திப் போச்சு"ன்னாங்க.

ஒருநாள் கேனைத் தூக்கறேன், இடுப்பு வரைக்கும் வருது, அதுக்கு மேல வரலை. ரூம்மேட்டைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. அப்பத்தான் உறைச்சுது: இறங்கின 10 கிலோவுல கொழுப்பு மட்டும் போகலை, தசையும் சேர்ந்து போயிருக்கு. வெயிங் மெஷின் இதைச் சொல்லாது. அதுக்கு ரெண்டும் கிலோதான்.

நம்ம உடம்புக்கு டயட் எது, பஞ்சம் எதுன்னு தெரியாது. 1945-ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். எல்லாரும் தாமா முன்வந்தவங்க. எடையில கிட்டத்தட்ட கால்வாசி போச்சு. எப்பவும் குளிர், சோர்வு, சாப்பாட்டு நினைப்பு. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியும் நல்லா இறங்கிடுச்சு. மறுபடி சாப்பிட ஆரம்பிச்சதும் கொழுப்பு சீக்கிரம் திரும்புச்சு, தசை மெதுவாத்தான் வந்துது. எனக்கும் அதேதான். நாலு மாசத்துல பழைய எடை, ஆனா தொப்பை முன்னைவிடப் பெருசு.

இதுக்கு "மெட்டபாலிசம் உடைஞ்சு போச்சு"ன்னு அர்த்தம் இல்ல. போன்ல பேட்டரி சேவர் ஆன் ஆகுற மாதிரி, செலவைக் குறைச்சுக்குது, அவ்வளவுதான். அதே மாதிரி, தசை இருந்தா தூங்கும்போதே கொழுப்பு கரையும்ங்கிறதும் மிகை. ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு சுமார் 13 கலோரிதான் எரிக்கும். அப்புறம் ஏன் அதைக் காப்பாத்தணும்? பலத்துக்கு. இன்னொண்ணு, சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறுற சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வெச்சுக்கிற இடமே தசைதான். எங்க அப்பாவுக்கு சுகர். அதனால இது எனக்கு வெறும் போட்டோ விஷயம் இல்ல.

ரெண்டாவது தடவை மூணு விஷயத்தை மாத்தினேன்.

ஒண்ணு, வேகம். தேவையைவிட 300-லிருந்து 500 கலோரி மட்டும் கம்மி. வாரத்துக்கு உடல் எடையில அரை சதவீதம் இறங்கினாலே போதும், ஒரு சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

ரெண்டு, புரோட்டீன். உடல் எடையில கிலோவுக்கு 1.6 கிராம். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். ஒரு இட்லியில சுமார் 2 கிராம்தான், அதனால இட்லியை மட்டும் நம்ப முடியாது. 3 முட்டை 18 கிராம், சமைச்ச சிக்கன் 150 கிராம் எடுத்தா 40-க்குப் பக்கம், ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல் 14, ஒரு கப் தயிர் 7. சைவமா? காய்ஞ்ச சோயா சங்ஸ் 50 கிராம்ல 26, பன்னீர் 100 கிராம்ல 18. சோறை நிறுத்தலை, அளவைத்தான் குறைச்சேன். புரோட்டீன் பசியையும் அடக்கும். கிட்னி பிரச்சினை இருந்தாலோ, சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுத்தாலோ, டாக்டரைக் கேக்காம இதுல இறங்காதீங்க.

மூணு, பளு தூக்கறது. வாரத்துல மூணு நாள். உடம்பு, வேலை வாங்கற தசையைத்தான் வெச்சுக்கும். 2016-ல கனடாவோட மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வுல, அதிக எடை இருந்த 40 இளைஞர்களுக்கு நாலு வாரம் சாப்பாட்டுல 40 சதவீதம் குறைச்சு, கடுமையா பயிற்சியும் கொடுத்தாங்க. கிலோவுக்கு 1.2 கிராம் புரோட்டீன் எடுத்தவங்களுக்குத் தசை பெரும்பாலும் அப்படியே நின்னுது, கொழுப்பு 3.5 கிலோ போச்சு. 2.4 கிராம் எடுத்தவங்களுக்குத் தசை ஒரு கிலோவுக்கு மேல கூடவே செஞ்சுது, கொழுப்பும் 4.8 கிலோ போச்சு. நாலே வாரம், வாலிப வயசுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆனா திசை தெளிவா இருக்கு.

இந்தத் தடவை 8 கிலோ இறங்க அஞ்சு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஒருத்தரும் டயட் கேக்கலை. ஆனா பெல்ட்ல ரெண்டு ஓட்டை உள்ள வந்திருக்கு, ஒரு வருஷமா அங்கேயே நிக்குது.

அதனால, அடுத்த தடவை மெஷின்ல ஏறும்போது, ஒரு டேப் எடுத்து இடுப்பையும் அளங்க. ஜிம்ல தூக்கற வெயிட்டையும் எழுதி வைங்க. இடுப்பு குறைஞ்சு, தூக்கற வெயிட் குறையாம இருந்தா, நீங்க சரியாத்தான் போறீங்க.

கேன் வந்திருக்குன்னு ரூம்மேட் கூப்பிடறான். நான் போய்த் தூக்கிட்டு வரேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!