கூரை இழந்த கோட்டை

ஜப்பான் தேசத்துக் கோட்டை என்றதும், வெண்சுதைச் சுவர்களும் அடுக்கடுக்காக வளைந்த கூரைகளும் கொண்ட ஹிமெஜிக் கோட்டையின் சித்திரமே பலருடைய மனத்தில் எழும். நான் இன்று பேச விரும்புவது கூரையே இல்லாத ஒரு மலைக்கோட்டையைப் பற்றியும், அத்தகைய சிதைவுகளைக் காலால் நடந்து கண்ணால் படித்து அனுபவிக்கும் ரசனையைப் பற்றியும் ஆகும்.

கியூஷூ தீவில், ஓயிட்டா மாகாணத்துத் தக்கேத்தா என்னும் சிற்றூருக்கு அருகில், இரண்டு நதிகள் இருபுறமும் அரித்து ஆழப்படுத்திய பள்ளத்தாக்குகளுக்கு நடுவே, கடல் மட்டத்துக்கு 325 மீட்டர் உயரத்தில், நீண்ட கப்பலைப்போல் நிற்கும் மேட்டின்மீது ஒக்கா கோட்டை அமைந்திருக்கிறது. யோஷித்சுனே என்னும் வீரனை வரவேற்பதற்காக 1185இல் இது எழுப்பப்பட்டது என்பது ஐதிகம். 1586இல் தெற்கிலிருந்து ஷிமாசு வம்சத்தின் சேனை இப்பிரதேசம் அடங்கிய புங்கோ நாட்டுக்குள் பிரவேசித்து, அங்கிருந்த கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றி வந்தபோது, ஷிகா சிக்கத்சுகு என்ற இளைஞன் இந்த மேட்டில் நின்று கடைசிவரை பணியாமல் காத்தான் என்பதோ சரித்திரம். அப்போது இங்கே இன்றுள்ள கற்சுவர்கள் இல்லை. அவனுக்குத் துணைநின்றது பெரும்பாலும் அந்தச் செங்குத்தான பாறைதான்.

1594இல் ஹரிமா நாட்டு மிக்கியிலிருந்து இவ்விடத்துக்கு மாற்றப்பட்டு வந்த நககாவா ஹிதெநரி என்னும் பிரபுவும் அவனுடைய சந்ததியாரும், அந்தப் பாறையின் போக்கை நன்றாக உணர்ந்த பிறகே கல்லைக் கையில் எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். பழங்காலத்தில் அசோ எரிமலை கக்கிய சாம்பல் சூட்டினால் இறுகிப் பாறையான அந்தக் கல், உளிக்கு எளிதில் இணங்குவது. ஆகவே முகங்களை நேர்த்தியாகச் செதுக்கி, சுண்ணச்சாந்து ஏதுமின்றி, ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்க முடிந்தது. மழைநீர் உள்ளே தேங்கிச் சுவரை வெளியே தள்ளிவிடாதபடி முகக்கற்களுக்குப் பின்னால் சிறு கற்களை நிரப்பி வடிகால் செய்வதும், மூலைகளில் நீண்ட கற்களை வரிசைக்கு வரிசை திசைமாற்றி வைத்து இரு சுவர்களையும் பிணைப்பதும், சுவரைச் சற்றே மலையின் பக்கம் சாய்த்து எழுப்புவதும் அந்நாட்டுக் கல்தச்சரின் சாஸ்திரம். இவையனைத்தும் அறிவுக்கு விருந்து. ஆனால் இக்கோட்டைக்கே உரிய சௌந்தரியமாக நான் கருதுவது வேறொன்று: விளிம்பிலிருந்து பார்த்தால், இயற்கையான பாறை எங்கே முடிந்தது, மனிதன் அடுக்கிய சுவர் எங்கே ஆரம்பித்தது என்று பல இடங்களில் ஒருகணம் தயங்க வேண்டியிருக்கிறது. மலையை வென்றதாகக் காட்டிக்கொள்ளாமல், மலை நிறுத்திய இடத்திலிருந்து அதன் வேலையை மேற்கொண்டு செய்தவர்களின் கைத்திறம் அது.

வாசலை அடைந்ததும் பாதை திடீரென்று திரும்புகிறது. முன்னே இருப்பது புலப்படாமல், மேலே சுவர்மீது நிற்பவனுக்கு முதுகையும் விலாவையும் காட்டிக்கொண்டு பகைவன் நுழைய வேண்டும் என்பதற்காக அமைந்த திருப்பம் அது. நூலில் படிக்கையில் வெறும் தகவலாகத் தோன்றும் இந்த யுக்தியை, மூச்சிரைக்க ஏறிவந்த சரீரம் தானாகவே விளங்கிக்கொள்கிறது.

மெய்ஜி அரசு கோட்டைகளைக் கைவிட்ட காலத்தில், 1874இல், இங்கிருந்த மூன்றடுக்கு மரமாடம் உட்பட எல்லாக் கட்டடங்களும் அகற்றப்பட்டன. ஒஸாக்காவில் 1931இல் செய்ததுபோல் கான்கிரீட்டில் ஒரு மாடத்தை இங்கும் எழுப்பலாமே என்று கேட்பவருக்கு நான் உடன்படமாட்டேன். மாடம் எழுந்தால் கண் அதையே நாடும். சுவர் வெறும் பீடமாகிவிடும். மரம் போனதனால்தான் கல் பிரத்தியட்சமாயிற்று.

இக்கோட்டையின் கீர்த்திக்கு ஒரு பாட்டும் காரணம். தகப்பனாரின் உத்தியோக நிமித்தம் சிறுவயதில் தக்கேத்தாவில் வாழ்ந்த தக்கி ரென்தாரோ, பாழடைந்த கோட்டையின்மேல் காயும் நிலவைப் பற்றி தொய் பன்சுய் இயற்றிய கவிதைக்கு மெட்டமைத்தார். 1901இல் பள்ளிப்பாட்டாக வெளிவந்த அது ஜப்பானியர் நெஞ்சில் நிலைத்துவிட்டது. கவிஞர் மனத்தில் இருந்தவை வடகிழக்கிலுள்ள செந்தாய், ஐசு என்னும் ஊர்களின் கோட்டைகள்; இசையமைத்தவர் நினைவில் நின்றதோ ஒக்கா. பிற்காலத்தில் இசையமைப்பாளர் யமதா கோசாக்கு பியானோ துணையிசை சேர்த்தபோது, மூல மெட்டில் உயர்ந்து நின்ற ஒரு ஸ்வரத்தை அரை ஸ்தானம் தாழ்த்தினார். அந்த மாற்றத்தால் ஏக்கம் கனிந்தது என்பது உண்மையே எனினும், தக்கி எழுதிய கூர்மையான ஸ்வரமே இந்தப் பாறை விளிம்புக்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. லைப்ஸிக் நகருக்கு இசை பயிலச் சென்ற அவர் நோயுடன் திரும்பி, 1903இல், 23ஆம் வயதில் மறைந்தார். அதே ஊர்ப் பள்ளியில் படித்த சிற்பி அசகுரா ஃபூமியோ வடித்த அவருடைய உருவம் கோட்டையின் இரண்டாம் கட்டில் இருக்கிறது.

பலர் அந்தச் சிலையோடு திரும்பிவிடுகிறார்கள். போகிறவர்கள், புதர் வாடி இலை உதிர்ந்து சுவர்களின் முழு வடிவமும் வெளிப்படும் குளிர்காலத்தைத் தேர்ந்துகொள்வது நலம். சிலையோடு நின்றுவிடாமல், ஆதியில் பிரதான வாயிலாக இருந்த கிழக்கு வாசல்வரை நடந்து, சுவரைக் கீழிருந்தும் அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்கு அரைநாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.