நெடுவாவி விகாரை

மட்டக்களப்பு மக்கள் தம் நகரைத் தழுவிக் கிடக்கும் நீர்ப்பரப்பை வாவி என்று அழைப்பர். அவ்வாவி முடியும் கல்முனையைக் கடந்து, கரையோரமாகத் தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிச் சென்று, மேற்கே வயல்வெளிகளுக்குள் திரும்புவோர் வேறொரு வாவியின் பெயரைக் கேட்பர். அதுவே தீகவாபி. பாளி மொழியில் தீகம் என்றால் நெடியது; வாபி என்றால் வாவி. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இத்தலமும் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது.

பசிய வயல்களுக்கு அப்பால் செங்கற்குன்று போல எழுந்து நிற்பது தாதுகோபம். வருவோர் காலணியும் தலையணியும் களைந்து, வெண்ணிற ஆடையுடன் மலர் ஏந்தி நடக்கின்றனர். தாதுகோபத்துக்கு உள்ளே புகும் வாயில் இல்லை; கருவறையும் இல்லை. வலம் வருதலே வழிபாடு. போயா தினம் அல்லாத நாட்களில் காற்றின் ஓசையும் பிக்குகளின் பிரித் ஓதலுமே பெரும்பாலும் கேட்கும். புத்தர் பெருமான் இங்கே அமர்ந்து தியானம் செய்தார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. 1986ஆம் ஆண்டில் இங்கு எழுத்துப் பொறித்த பொன்னேடு ஒன்றும் கண்டெடுக்கப்பட்டது.

இதனைக் கட்டுவித்தவன், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட சத்தாதீசன். அதன்மேல் மணிகள் இழைத்த வலையொன்றைப் போர்த்தி, கண்தோறும் பொற்பூ வைத்தான் என்று மகாவம்சம் கூறும். ஆயினும் அவன் இவ்வூருக்கு வந்த கதை அந்தப் பொற்பூக்களினும் மதிப்புடையது.

தந்தை காவந்தீசன் இறந்ததும், தம்பியாகிய சத்தாதீசன் தாயையும் கந்துலன் என்னும் பட்டத்து யானையையும் அழைத்துக்கொண்டு தீகவாபிக்குச் சென்றான். அவர்களைத் திருப்பித் தருமாறு அண்ணன் துட்டகைமுனு ஆளனுப்பியும் பயனில்லை. போர் மூண்டது. முதற் போரில் அண்ணன் ஓடினான். அடுத்த போரில் தம்பி ஓடி, ஒரு விகாரையில் தேரரின் கட்டிலின்கீழ் ஒளிந்தான். இளம்பிக்குகள் அவனைப் பிணம்போல் மூடி வெளியே சுமந்து சென்றனர். அண்ணன் அதனை உணர்ந்தும், பிக்குகளின் தோளிலிருந்து தம்பியைப் பறிக்க விரும்பவில்லை. பின்னர் பிக்குகள் முன்னின்று இருவரையும் இணக்கினர்; சகோதரர் ஒன்றாக உண்டனர். அதன்பின் அரசன் தம்பிக்கு இட்ட பணி யாது? தீகவாபிக்குச் சென்று பயிர்த்தொழிலைக் கவனிப்பதே. தானும் பறையறைந்து குடிகளைக் கூட்டி, அதே தொழிலில் ஈடுபட்டான்.

இன்று இத்தலத்தைச் சூழ்ந்த நாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வயல் செய்கின்றனர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின் இப்பகுதியில் கட்டப்பட்ட வீடுகள் யாருக்கு உரியவை என்னும் வழக்கு, நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. நிலத்தின் பொருட்டு மனங்கள் பிரியும்போதெல்லாம், இவ்விகாரையின் பழங்கதையை எல்லோரும் ஒருமுறை நினைத்தல் நன்று. உடன்பிறந்தார் பகை முடிந்தபோது இவ்வூருக்கு வந்து சேர்ந்தது படையன்று. விதைநெல்லை நினைத்த ஒருவனே வந்து சேர்ந்தான்.