சாத்தான்: இஸ்லாமும் கிறித்துவமும் கூறுவன
(விழாச் சொற்பொழிவு)



செஞ்சி பல சமயங்களின் சுவடுகளைத் தாங்கிய ஊர். கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் உள்ளது. 1597இல், கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், இயேசு சபைத் துறவி பிமெண்டா இங்கு வந்தார். கோட்டைக்கு வடக்கே திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் விளங்குகின்றன. இத்தகைய ஊரில் வளரும் சமணப் பிள்ளைகள் பிற சமயத் தோழரிடம் கேட்டுவந்து பெற்றோரை வினவும் சொற்களுள் ஒன்று 'சாத்தான்'. அதனை உள்ளவாறு அறிந்து விடை கூறுதல் பெரியோர் கடன்.

இரு சமயங்களும் சிலவற்றில் ஒன்றுபடுகின்றன. சாத்தான் இறைவனுக்கு நிகரான மற்றொரு கடவுள் அல்லன், படைக்கப்பட்டவனே. செருக்கினால் வீழ்ந்தான். மனிதரை வழிதவறச் செய்ய முயல்கிறான். முடிவில் அவனுக்குத் தண்டனை உண்டு.

வேறுபாடுகளும் உள. திருக்குர்ஆன் அவனை இப்லீஸ் என்றும் ஷைத்தான் என்றும் அழைக்கிறது. களிமண்ணால் படைக்கப்பட்ட ஆதமுக்குப் பணியுமாறு இறைவன் கட்டளையிட, தான் நெருப்பினால் ஆனவன் என்று கூறி அவன் மறுத்தான். அவன் ஜின் இனத்தவன் என்பது அந்நூலின் 18ஆம் அத்தியாயம் தரும் செய்தி. கிறித்துவ மரபோ அவனை வீழ்ந்த வானதூதன் என்கிறது. யோபு நூலில் இறைவன் அவையில் குற்றஞ்சாட்டுபவனாக நிற்கும் அவன், புதிய ஏற்பாட்டில் 40 நாள் நோன்பிருந்த இயேசுவையே சோதிக்கும் பகைவனாகிறான். ஆதாமின் பாவம் மனித குலத்தைத் தொடர்கிறது, கிறிஸ்துவே மீட்பர் என்பது கிறித்துவர் பெரும்பாலோர் கொள்கை. ஆதம் மன்னிப்பு வேண்டிப் பெற்றார், ஒருவர் பாவம் மற்றவரைச் சேராது என்பது இஸ்லாத்தின் கொள்கை.

இனி, கூர்ந்து நோக்கத்தக்க ஓரிடம். திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயத்தில், தீர்ப்பு நாளன்று சாத்தானே பேசுகிறான்: தான் அழைத்தது மட்டுமே உண்மை, இசைந்தவர்கள் தம்மையே பழித்துக்கொள்ள வேண்டும் என்கிறான். யாக்கோபு எழுதிய நிருபமும், ஒவ்வொருவனும் தன் ஆசையாலேயே இழுக்கப்பட்டுச் சோதனைக்கு உள்ளாகிறான் என்கிறது. ஆகவே, "சாத்தான் செய்வித்தான்" என்று தப்பித்துக்கொள்ள இரு சமயங்களும் இடம் தரவில்லை. கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களே உயிரைப் பிணிக்கும் என்ற ஜின நெறிக்கு அவை அணுகிவரும் இடம் இதுவே.

எனினும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. சமணத்தில் என்றென்றும் தீயவனாகவே நிற்கும் உயிர் என்று ஒருவனைப் படைத்துக் காட்டுவதில்லை. பார்சுவநாதருக்குப் பல பிறவிகளில் தீங்கிழைத்தவன் கமடன். முற்பிறவியில் உடன்பிறந்த தமையன். அவர் தவத்தில் நின்றபோதும் கல்லும் மழையும் பொழிந்து வருத்தினான். அவன் இறுதியில் அப்பெருமானையே வணங்கி நற்காட்சி பெற்றான் என்கிறது புராணம். பகைவனும் உயிரே, அவனுக்கும் வழி உண்டு.

இதிலிருந்து இல்லறத்தார் கொள்ளத்தக்கவை இரண்டு. அண்டை வீட்டார் நம்பிக்கையை எள்ளாதிருத்தல் ஒன்று; அநேகாந்தம் அதனையே கற்பிக்கிறது. சினமூட்டிய உறவினரையோ பங்காளியையோ சாத்தான் என்று தள்ளாதிருத்தல் மற்றொன்று.

திருநாதர் குன்றுக் கல்வெட்டு, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கிறது. அதில் பகைவன் எவன் பெயரும் இல்லை. வெல்லப்பட வேண்டியவை அகத்தே இருந்தன.

எல்லா உயிரும் நலம் பெறுக!