தம் கையால் கட்டிய விமானம்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நான் ஆகாய விமானம் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் கண்டு சிலர் நகைத்திருக்கக் கூடும். பஸ் நிற்காத சேரிகள் இன்னும் இருக்கையில் விமானம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் நான் பேச வந்தது டிக்கெட் வாங்கி ஏறும் விமானத்தைப் பற்றியன்று. ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டித் தாமே ஓட்டும் விமானத்தைப் பற்றி. பள்ளிக்கூடம் கதவைச் சாத்தியபோது அப்படியொரு விமானத்தைக் கட்டிய இருவரைப் பற்றி.

அமெரிக்க நாட்டில் இத்தகைய விமானங்களுக்கென்று இன்று தனிச் சட்டப் பிரிவே உண்டு. விமானத்தின் பெரும்பகுதியைச் சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும்; அதுவும் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ மட்டுமே செய்திருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். கல்விக்காக என்னும் சொல்லை நம் சங்கத்தார் உற்று நோக்க வேண்டுகிறேன். ஏறும் வழியருகே, இது பரிசோதனை விமானம் என்று இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். 1953இல் பால் பொபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் இதற்கென ஒரு சங்கம் கண்டார். அது இன்று உலகளாவியது.

நான் சொல்ல வந்த கதை அதற்கும் முந்தியது. 1920களில் சிகாகோ நகரில் கார்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்சன் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள் மோட்டார் கார் மெக்கானிக்குகளாக இருந்தனர். ராபின்சன் டஸ்கீஜி கல்விக்கூடத்தில் அத்தொழிலைக் கற்றவர். இருவருக்கும் வானில் பறக்கும் வேட்கை. கர்ட்டிஸ் ரைட் விமானப் பள்ளிக்கு அஞ்சலில் விண்ணப்பித்தனர், இடம் கிடைத்தது. நேரில் சென்று நின்றபோதுதான் அவர்தம் நிறம் தெரிந்தது; இடமில்லை என்றார்கள். தாளில் இருந்த தகுதி முகத்தைக் கண்டதும் மறைந்துபோகும் விந்தையை நம்மில் பலர் அறிவோம். மேலும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒத்த ஆர்வமுடையோரைச் சேர்த்துப் பயிலும் குழு ஒன்று அமைத்தனர். மோட்டார் சைக்கிள் இன்ஜின் பூட்டிய, ஓர் ஆள் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டினர். அக்காலச் சிகாகோவில் எட் ஹீத் என்பவர் அவ்வகை விமானத்திற்கான வரைபடமும் உறுப்புகளும் விற்று வந்தார். இறக்கை ஓட்டுநரின் தலைக்கு மேல் குடைபோல் நிற்கும். இறக்கையின் எலும்புக்கூடு மரம், உடற்கூடு எஃகுக் குழாய், மேலே துணி.

இந்தத் துணி வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மரச் சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி, ஒவ்வொரு விலாவோடும் நூலால் தைத்துக் கட்டுவர். பின்னர் டோப் என்னும் பூச்சைப் பல முறை பூசுவர். அது உலர உலரத் துணி சுருங்கி விறைக்கும். விரலால் தட்டினால் ஓசை எழ வேண்டும். தீயில் காய்ச்சிய பறையைத் தட்டிப் பதம் பார்த்த நம் பாட்டன்மார்க்கு இது புரியாதா? தோலின் இழுவிசையைக் காதால் அளந்த கை அது. அந்த அறிவுக்கு இழிவென்று பெயர் சூட்டியவர் எவரோ. ஆனால் அப்பெயரை நம்பிப் படித்த பிள்ளைகள் ஸ்பானரைத் தொடவும் கூசுகிறார்களே, அதுதான் என் மனத்தை வருத்துகிறது. ஃபிட்டர் பிரிவில் சேர்ந்ததை உறவினரிடம் சொல்லத் தயங்கிய மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆர்வம் மட்டும் போதுமா எனின், போதாது. 1930களில் ஆன்ரி மின்யே என்னும் பிரெஞ்சுக்காரர் எளியோரும் கட்டத்தக்க 'வானத்துப் பூச்சி' என்றொரு சிறு விமானத்தை வகுத்தார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் பலர் கட்டினர். சிலர் விழுந்து மாண்டனர். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் மூக்குக் கவிழ்ந்தால் அதனை நிமிர்த்த இயலாது! அமைப்பைத் திருத்திய பின் அதே வகை நன்றாகப் பறந்தது. ஆகவேதான் கட்டுபவர் முடுக்கும் மரைகளைத் தளராதபடி பூட்டுவர். பிறர் கண்ணாலும் பார்க்கச் செய்வர். முதல் 25 அல்லது 40 மணி நேரத்தைக் குறித்த எல்லைக்குள் பறந்து சோதிப்பதும் வழக்கம். கணக்கில் ஐந்து மதிப்பெண் பிழைத்தால் போகட்டும் என்னும் மாணவனுக்கு இறக்கை பாடம் புகட்டும்.

காஃபியும் ராபின்சனும் சொந்த விமானத்தோடு நிறைவடைந்துவிடவில்லை. அவர்கள் வேலை பார்த்த இடத்தின் முதலாளி எமில் மாக், ஒரு வெள்ளையர். வழக்குத் தொடுப்பேன் என்று அவர் எச்சரித்ததும் பள்ளி இறங்கி வந்தது. 1931இல் இருவரும் தேறினர். அதே பள்ளி கறுப்பின மாணவர்க்குப் பாடம் நடத்த அவர்களையே அழைத்தது. மற்ற விமானத் தளங்கள் இடம் தராமையால், ராபின்ஸ் என்னும் கறுப்பின ஊரில் தம் தளத்தைத் தாமே அமைத்தனர். 1933இல் ஒரு சூறைக்காற்று கொட்டகையையும் விமானங்களையும் சிதைத்தது. மீண்டும் வேறோரிடத்தில் தொடங்கினர்.

ராபின்சன் 1935இல் எத்தியோப்பியா சென்று, அந்நாட்டு மன்னரின் சிறு விமானப்படைக்குத் தலைமை தாங்கினார். காஃபி, வில்லா பிரவுன் என்னும் பெண்மணியோடு சேர்ந்து பயிற்சிப் பள்ளி நடத்தினார். அம்மையார் 1938இல் அமெரிக்க மண்ணிலேயே விமானி உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அப்பள்ளியில் பயின்றோர் பலர் இரண்டாம் உலகப் போரில் பறந்தனர். வெள்ளையரும் அங்கே பயின்றனர் என்பதை நான் தனியே குறித்து வைத்துள்ளேன். கதவு சாத்தப்பட்டவர் தம் கதவை எவருக்கும் சாத்தவில்லை.

நாளையே விமானம் கட்டப் புறப்படுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் அதற்கு அரசின் அனுமதி வேண்டும். பொருளும் மிக வேண்டும். ஆனால் இச்சங்கம் இதுவரை உதவித் தொகையும் மாலை வகுப்பும் நூலகமும் தந்தது. கைக்கு வேலை தரவில்லை. நூலகத்தை ஒட்டிய தாழ்வாரம் வெறுமனே கிடக்கிறது. அங்கே ஒரு கனத்த மர மேசை, ஒரு வைஸ், அரங்கள், அளவுகோல்கள், பிரித்துப் பூட்ட ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஆகியவை இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். இன்ஜினை வாங்கித் தர நான் முன்வருகிறேன். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உடனிருக்க, பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம்மவர் இருவரைக் கேட்டிருக்கிறேன், இசைந்துள்ளனர். மாணவியர்க்கும் அந்த மேசையில் சம இடம் வேண்டும். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டி அமர்கிறேன்.