விரைவாட்டமும் ஆசுகவியும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவியரங்கம் நிகழ்ந்த மேடையில் சதுரங்கத்திற்கு என்ன வேலை என நீங்கள் எண்ணக்கூடும். கணினித் திரையில் ஆடும் விரைவுச் சதுரங்கம் எனக்குக் கற்பித்த பாடம் யாப்புக்கும் பொருந்துவதால் அதனை இவ்வவையில் வைக்க விழைகிறேன்.

'பிளிட்ஸ்' எனப்படும் விரைவாட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து நிமிடமே உண்டு. 'புல்லட்' ஆட்டத்தில் ஒரு நிமிடமே கிடைப்பதும் உண்டு. வெல்லும் நிலையில் இருப்பினும், நேரம் தீர்ந்தால் தோல்விதான். வென்றால் தரப்புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும்.

பணி ஓய்வுக்குப்பின் இவ்வாட்டத்தில் இறங்கினேன். 1600 புள்ளியை எளிதில் எட்டினேன். 2000 என் இலக்கு. ஈராண்டுகள் இரவெல்லாம் ஆடியும் நின்ற இடத்திலேயே நின்றேன். தோற்றவுடன் சினம், சினத்தோடு அடுத்த ஆட்டம், மீண்டும் தோல்வி. அந்த ஈராண்டுகளில் மன்றம் தந்த ஈற்றடிகளுள் ஒன்றற்கேனும் நான் வெண்பா எழுதவில்லை என்பதை நண்பர்கள் அறிவர்.

விரைவாட்டம் என்பது விரைந்து சிந்திப்பது என்று கருதியிருந்தேன். அது பிழை. 1973இல் சேஸ், சைமன் என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்மையான ஆட்டமொன்றின் இடைநிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தனர். வல்லுநர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். தொடக்கநிலையினர் ஏறத்தாழ 4 காய்களையே வைத்தார். காய்களை ஒழுங்கின்றி இறைத்துக் காட்டியபோதோ வல்லுநரின் மேம்பாடு மறைந்துபோயிற்று. அவர் கண்டது தனித்தனிக் காய்களை அன்று; பழகிய அமைப்புகளை.

இது நமக்குப் புதிதா? ஈற்றடி தந்தவுடன் வெண்பா பாடுபவர், 'காய்முன் நேர், விளமுன் நேர்' என்று எண்ணிக்கொண்டா பாடுகிறார்? தளை தட்டினால் அவர் செவியே சொல்லிவிடும். காளமேகத்தை ஆசுகவி என்கிறோம். அத்தகைய விரைவு, செவியில் ஊறிய பாக்களின் விளைவேயன்றி வேறன்று.

சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த், இளமையில் விரைவாட்டத்திற்கே பெயர்பெற்றவர். அவர் 2017இல், தம் 48ஆம் வயதில், ரியாத்தில் உலக அதிவேகச் சதுரங்கப் பட்டம் வென்றார். இளைஞரோடு ஓடி வெல்ல அவ்வயதில் உதவியது கைவேகம் மட்டும் அன்று. நாற்பதாண்டு காலப் பழக்கம்.

இதனை உணர்ந்தபின் என் முறையை மாற்றினேன். நாளுக்கு மூன்றே ஆட்டம். தோற்ற ஆட்டத்தை மறுநாட் காலையில் மரப்பலகையில் மெல்ல ஆடிப் பார்த்தேன். கணினியின் தீர்ப்பைக் கடைசியிலேயே கேட்டேன். பல நூறு தோல்விகள் எனக் கருதியவை, உண்மையில் இரண்டு மூன்று பிழைகளே எனக் கண்டேன். குதிரை ஒரே நேரத்தில் இரு காய்களைத் தாக்குவதைக் காணத் தவறுவேன். கடைசி வரிசையில் அரசன் அடைபட்டுக் கிடப்பதை மறப்பேன். பதினான்கு திங்களில் 2000 வந்தது. மறுவாரமே 1940 ஆயிற்று. அதனால் வருத்தமில்லை. புள்ளி இறங்கினாலும் கண் பெற்ற தேர்ச்சி இறங்கவில்லை.

மன்றத்திற்கு ஒரு விண்ணப்பம். பத்தாண்டுகளாக நன்கமைந்த பாக்களையே அரங்கேற்றி வருகிறோம். இனி ஆண்டுக்கு ஒரு கூட்டமேனும் பிழைபட்ட பாக்களுக்கென ஒதுக்குவோம். எழுதியவரே தம் பாடலை எடுத்துவந்து, எவ்விடத்தில் சறுக்கினார் என்று அவையில் காட்டட்டும். முதற் கூட்டத்திற்கு என் வெண்பாக்கள் மூன்றை இப்போதே தருகிறேன். மூன்றிலும் தளை தட்டும்.